303 நகலில் ஆசிட் வாசிப்பது இசையா, மாறுவேடமா?

தூசித்தட்டு:
பெஹ்ரிங்கர் நிறுவனம் 2019இல் டிடி-3 என்ற நகல் பெட்டியை விட்டதிலிருந்து, ரோலண்டின் பழைய பேஸ் சின்தசைசரான டிபி-303இன் சத்தம் யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடிய விலைக்கு வந்துவிட்டது. எங்கே திரும்பினாலும் புது ஆசிட் ட்ராக், அதாவது 303 நெளியும் ஹவுஸ் நடன இசை. கண்ணை மூடிக் கேட்டால் அப்படியே 1988. என் புகாரே அதுதான். 1987இல் சிகாகோவின் ஃபியூச்சர் குழு 'ஆசிட் ட்ராக்ஸ்' வெளியிட்டபோது கேட்டவர்களுக்கு அது எந்தப் பழைய நினைவையும் கிளறவில்லை. இன்று வருபவை நினைவைக் கிளறுவதைத் தவிர வேறெதுவும் செய்வதில்லை.

மின்கசிவு:
அந்த 303 பெட்டியே ஒரு போலிதானே நண்பரே! தனியாகப் பயிற்சி செய்யும் கிடார்காரருக்கு பேஸ் கிடாருக்குப் பதிலாக என்று விற்றார்கள். பேஸ் கிடார் சாயல் துளியும் இல்லை. சரியாக விற்கவும் இல்லை, 1984வாக்கில் நிறுத்திவிட்டார்கள். அடிமாட்டு விலைக்குப் பழைய கடைகளில் கிடந்ததால்தான் சிகாகோ பையன்கள் கைக்கு எட்டியது. இன்று அந்த இடத்தில் இருப்பது இந்த நகல் பெட்டி. அசல் பெட்டிக்கு லட்சக்கணக்கில் கொட்டுபவர் வாசித்தால்தான் உண்மையான ஆசிட்டா?

தூசித்தட்டு:
விலையைப் பற்றி நான் எங்கே பேசினேன்? மென்பொருளில் செய்தாலும் எனக்கு ஒன்றுதான். எந்தக் குமிழை எவ்வளவு திருகினால் என்ன வரும் என்பது வாங்கும் முன்பே தெரிந்துவிடுகிறது. ஃபியூச்சர் குழுவின் டிஜே பியர் திருகியபோது அவருக்கு அது தெரியாது.

நள்ளிரவு நாடா:
குமிழை விடுங்கள், விஷயம் சுர வரிசையைப் பதிந்து ஓட்டும் சீக்வென்சரில் இருக்கிறது. 303இல் சுருதிகளை ஒரு சுற்றிலும் தாள நேரத்தை இன்னொரு சுற்றிலும் தனித்தனியாகப் பதிய வேண்டும். ஒரு இடத்தில் தவறினால் போதும், சுருதியெல்லாம் ஒரு படி தள்ளிப்போய் நாம் யோசித்தே இராத ஒரு வரி ஓடும். பாட்டரி தீர்ந்தால் நினைவகத்தில் குப்பை சேரும், அதுவும் ஒரு மெட்டாக ஒலிக்கும். அப்புறம் அக்சென்ட், அதாவது சுரத்துக்குக் கொடுக்கும் அழுத்தம்: அடுத்தடுத்த சுரங்களுக்கு வைத்தால், ஒலியின் பளிச்சைக் கூட்டிக் குறைக்கும் ஃபில்டர் ஒவ்வொரு அடிக்கும் இன்னும் கொஞ்சம் மேலே ஏறும். கணினித் திரையில் கட்டம் போட்டு வரைபவருக்கு சத்தம் கிடைக்கும், அந்தத் தடுமாற்றம் கிடைக்காது.

மின்கசிவு:
தடுமாற்றம்தான் வேண்டுமென்றால் ரேண்டம் பொத்தானை அமுக்கலாமே :)

ராகமாலை:
சிகாகோவையே ஆரம்பம் என்கிறீர்கள். சரண்ஜித் சிங்கை மறந்துவிட்டீர்களே? பம்பாயில் இந்திப் படங்களுக்கு வாசித்தவர். 303, 808 தாளப் பெட்டி, ஜூபிட்டர்-8 சின்தசைசர் மூன்றையும் வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் போட்டு 1982இல் ஆல்பமாக வெளியிட்டார். முதல் ராகம் பைரவ், நம் மாயாமாளவகௌளைதான். 303இன் ஸ்லைடு சுரத்துக்குச் சுரம் வழுக்குவதைக் கேட்டால் கமகத்துக்கென்றே செய்த கருவியோ என்று தோன்றும். அன்று சீண்டுவாரில்லை. 2010இல் மறுவெளியீடு வந்தபோது, யாரோ இப்போது செய்துவிட்டுப் பழசு என்று கதை விடுகிறார்கள் எனச் சிலர் சந்தேகப்பட்டார்கள். நிஜமான பழசையே போலி என்ற காதுகளை நம்பியா அசல் எது என்று தீர்ப்புச் சொல்வது?

தூசித்தட்டு:
இது என் கட்சிக்குத்தான் பலம். அவர் எந்த ஆசிட்டையும் பார்த்துக் காப்பி அடிக்கவில்லை.

மின்கசிவு:
ராகத்தை அவரா கண்டுபிடித்தார்? கையில் இருந்த பழசைப் புதுப் பெட்டியில் ஊற்றினார். ஆசிட் ஹவுஸ் முன்னோடி என்ற பட்டமும் 2010க்குப் பிறகு நாம் சூட்டியது. அவர் மனதில் இருந்தது டிஸ்கோ.

தூசித்தட்டு:
பழசைப் புதுப் பெட்டியில் ஊற்றினார், ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் பழசைப் பழைய பெட்டியின் நகலில் ஊற்றுகிறீர்கள். எங்கே, உங்கள் ட்ராக் ஒன்றை இங்கே ஏற்றுங்கள், கேட்டுவிட்டுத் திட்டுகிறேன்.

மின்கசிவு:
ராத்திரி ஏற்றுகிறேன். 808 கைதட்டல் இருக்கிறது, இப்போதே சொல்லிவிட்டேன்.