கடலூர் – புதுச்சேரி கடலோரம் குடும்பத்தோட போட்டுல போறப்போ: கண்ணுலயே நிக்கிற ஒரு விஷயம் சொல்லுங்க

பெண்ணையாத்தான்

தாழங்குடாவுக்கு நேரா, பெண்ணையாத்து வாய். 24 அடி ஃபைபர், 40 எச்பி டூ ஸ்ட்ரோக், பெரியவங்க அஞ்சு பேர், பசங்க மூணு பேர். மதியம் ரெண்டரை மணி. வெளிக்கடல்ல அலை முழங்கால் உயரம்தான், ஆத்து வாயில மட்டும் மூணு வரிசையா உடையுது.

இன்னைக்கும் உறுத்தறது அந்த அலை இல்ல, இன்ஜினைக் குளிர வெச்சுட்டு பின்னாடி பீச்சுற தண்ணி. நல்லா அடிச்சிட்டிருந்தது மெலிஞ்சு, சொட்டாகி, நின்னே போச்சு. யாரும் கவனிக்கல, எல்லார் கண்ணும் கரை மேல. அலாரம் கத்த ஆரம்பிச்சதும் இன்ஜின் தானாவே வேகத்தைக் குறைச்சிடுச்சு. சூடு ஏறினா வெந்துபோகாம இருக்க அப்படித்தான் வடிவமைச்சிருக்காங்க. முழு இழுவை வேணுங்கற இடத்துல அது கிடைக்கல.

நல்லவேளை, உடையுற வரிசைக்கு இன்னும் ஒரு 50 மீட்டர் இருந்தது. போட்டுக்காரர் போட்டோட முகத்தைக் கடல் பக்கம் திருப்பி, அணியத்துலேர்ந்து, அதாவது முன்முனையிலேர்ந்து, நங்கூரத்தை விட்டார். ஆழம் ரெண்டரை மீட்டர் இருக்கும், கயிறு 17, 18 மீட்டர் விட்டப்புறம்தான் பிடிச்சது. பின்பக்கம் கட்டியிருந்தா அடுத்த அலை இன்ஜின் மேலயே ஏறி உள்ள வந்திருக்கும். அப்புறம் இன்ஜினை நிறுத்தி, தூக்கிப் பார்த்தா கீழ் கால்ல தண்ணி உறிஞ்சுற சல்லடை மேல ஒரு கேரி பேக் சப்புனு ஒட்டிக்கிட்டிருக்கு. எடுத்துப் போட்டு ரெண்டு நிமிஷம் ஆறவிட்டு ஸ்டார்ட் பண்ணினதும் தண்ணி வந்துடுச்சு.

பை மாட்டினா ரிவர்ஸ் கியர் போட்டுப் பாருங்கன்னு சொல்வாங்க. பாதி நேரம் கழண்டு விழும், உண்மைதான். ஆனா அலைக்கு முதுகைக் காட்டிக்கிட்டு ரிவர்ஸ் போட்டா பின்பக்கமாவே தண்ணி ஏறும்.

சோழகக்காத்து

அண்ணே, பை மேல பழி போடறது சுலபம். ரெண்டரை மணிக்கு ஆத்து வாயில என்ன வேலைன்னு யாரும் கேக்கலியே.

மார்ச்சுலேர்ந்து செப்டம்பர் வரைக்கும் தரை சூடாக ஆக பதினொண்ணு, பன்னெண்டு மணிக்குக் கடக்காத்து எழும்பும். ரெண்டு, மூணு மணிக்கு உச்சம். காலைல கண்ணாடியா கிடந்த தண்ணி அப்போ தென்கிழக்குலேர்ந்து குத்து அலையா வரும். கடலூர் துறைமுக வாயிலேர்ந்து அரியாங்குப்பம் ஆத்து வாய் வரைக்கும் ஏறக்குறைய 22 கிலோமீட்டர், அதாவது 12 கடல் மைல். மணிக்கு 12 நாட் வேகத்துல ஒரு மணி நேரம். விடிஞ்சதும் கிளம்பினா பத்து மணிக்குள்ள போயிட்டுத் திரும்பிடலாம். சாப்பிட்டுட்டு நிதானமா கிளம்பலாம்னு யாராவது சொன்னாலே அன்னைக்குக் கடல் பயணம் வேணாம், சுண்ணாம்பாத்துக்குள்ளயே சுத்திட்டு வாங்க.

அடுத்தது வத்தம், அதாவது ஏத்தத்துல ஏறின கடல் தண்ணி திரும்ப இறங்கறது. நம்ம கரையில பௌர்ணமி அமாவாசைக்குக்கூட ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் ஒரு மீட்டர் வித்தியாசம் வந்தா பெருசு, அதனால யாரும் மதிக்கறதில்ல. ஆனா உள்ள பரந்து கிடக்கற உப்பங்கழித் தண்ணி முழுக்க அந்தக் குறுகின வாய் வழியாத்தான் வெளிய ஓடணும். ஓடற தண்ணி எதிர்ல வர்ற அலையைத் தடுக்கும்போது அலை நெருங்கி, செங்குத்தா நிமிரும். அலை உயரத்தைப்போல ஏறக்குறைய 1.3 மடங்கு ஆழம் வந்ததும் அது உடைஞ்சே ஆகணும். மணல் மேட்டுல ஒரு மீட்டர் தண்ணி இருந்தா முக்கால் மீட்டர் அலை அங்க உடையும். வெளிய அது சும்மா தூக்கித் தூக்கிப் போடற அலைதான்.

அதனால ஏத்தத்தோட கடைசி ஒரு மணி நேரத்துல நுழையணும். அதுவும் தினம் சுமார் 50 நிமிஷம் தள்ளிப் போகும். முந்தாநாள் எட்டு மணிக்கு நல்லா இருந்துச்சுன்னா இன்னைக்கு எட்டு மணிக்கும் அப்படியே இருக்காது.

வந்த வேகத்துல வாய்க்குள்ள நுழையாதீங்க. வெளிய நின்னு பத்து நிமிஷம் பாருங்க. பெரிய அலை மூணு நாலு சேர்ந்து வரும், பிறகு ஒரு இடைவெளி விடும். அந்தக் கூட்டத்துக் கடைசி அலையோட முதுகுல ஏறிக்கிட்டு, அதே வேகத்துல உள்ள போகணும். அதை முந்தினா முகம் குத்தும், பின்தங்கினா பின்னாடி வர்றது மேல உடையும். ஆக்சிலேட்டர்லேர்ந்து கை எடுக்கக் கூடாது.

இன்னொண்ணு, போன வருஷத்து ஜிபிஎஸ் தடத்தை நம்பிப் போகாதீங்க. வருஷத்துல பெரும்பகுதி மணல் தெற்குலேர்ந்து வடக்கா நகரும், வாய்க்குக் குறுக்க நாக்கு மாதிரி வளரும். ஐப்பசி, கார்த்திகை வெள்ளம் வந்தா அதை உடைச்சு வேற இடத்துல வழி திறக்கும். அரியாங்குப்பம் வாயில ரெண்டு பக்கமும் கல் கட்டியும் மணல் விடல, தூர் வாரிக்கிட்டேதான் இருக்கணும். அங்க தடுத்த மணல் வடக்குல நகரத்துக் கரைக்குக் கிடைக்கல. பாறைக் கடற்கரைன்னு நாம நின்னு போட்டோ எடுக்கற கல்லு, கரை அரிக்காம இருக்கக் கொண்டுவந்து கொட்டினது.

ஓபிஎம் முதுநகர்

சோழகக்காத்து சொன்னது சரி. ஆனா பெண்ணையாத்தான் பையோட விட்டுட்டார், ஆத்து வாயில பையை விட மணல்தான் எமன்.

அலாரம் அடிக்காம பீச்சுற தண்ணி மட்டும் நின்னா, முதல்ல அந்தத் துளையைப் பாருங்க. மணலோ உப்போ அடைச்சிருக்கும். ரெண்டு அடி மொத்தத் தூண்டி நரம்பு போட்டுலயே இருக்கட்டும், உள்ள விட்டுக் குடைஞ்சா வந்துடும். கம்பி வேணாம், உள் குழாய் கிழியும். குடைஞ்சும் வரலேன்னா இம்பெல்லர், அதாவது தண்ணியை மேல ஏத்தற பம்புக்குள்ள சுத்தற சின்னச் சக்கரம்.

இம்பெல்லர் ரப்பர். ஆறு மாசம் ஓட்டாம வெச்சா இதழ் ஒரு பக்கமா மடிஞ்சே இறுகிடும். தண்ணியில்லாம 'ஸ்டார்ட் ஆகுதா'ன்னு கரையில சில நொடி ஓட்டினாலே கருகும். வருஷத்துக்கு ஒண்ணு மாத்திடுங்க, இதழ் நல்லாத்தான் இருக்குன்னு மிச்சம் பிடிக்காதீங்க. மாத்தறப்போ சோப்புத் தண்ணி தடவி, ஷாஃப்ட் சுத்தற திசையிலயே திருப்பிக்கிட்டே மூடியை இறக்கணும், இல்லேன்னா இதழ் எதிர்ப்பக்கம் மடிஞ்சு உக்காரும். சாவி, அந்தச் சின்ன உலோகத் துண்டு, கீழ விழுந்துடாம பாத்துக்கணும். பழைய இம்பெல்லர்ல ஒரு இதழ் பிஞ்சிருந்தா அந்தத் துண்டு எங்கன்னு தேடி எடுக்காம மூடாதீங்க. மேல போய் தெர்மோஸ்டாட் பக்கம் உக்காந்துக்கும். புது இம்பெல்லர் போட்டும் சூடாகுதுன்னு வர்ற இன்ஜின்ல அடிக்கடி இதான் கதை.

சில்வர் பீச் வடக்கு

நம்ம விஷயம் இன்ஜினோட விசிறி, அதான் புரொப்பல்லர். தேவனாம்பட்டினம் எதிர்ல கரைவலை இழுத்துட்டு இருந்தாங்க. கரையில ரெண்டு கூட்டம் தள்ளித் தள்ளி நின்னு இழுத்தா நடுவுல கடலுக்குள்ள வலை கிடக்குன்னு அர்த்தம், பல நூறு மீட்டர் வெளிய வரைக்கும் இருக்கும். போட்டுல வந்தவங்க பசங்களுக்கு அதைக் காட்டலாம்னு கரையை ஒட்டி வந்துட்டாங்க. 'டப்'னு ஒரு சத்தம், இன்ஜின் ஆஃப்.

மேல தூக்கினதும் தெரிஞ்சது: நீல நைலான் கயிறு விசிறிக் குடத்தைச் சுத்தி உருகி, ஒரே கட்டியா மெழுகாட்டம் இறுகியிருக்கு. கத்தி இறங்கல, ஹேக்ஸா பிளேடால அறுத்து அறுத்து எடுத்தது.

செய்ய வேண்டியது வரிசையா: நியூட்ரல், ஆஃப், இன்ஜினைச் சட்டுனு நிறுத்தற கில் ஸ்விட்ச் கயிறைக் கழட்டி ஓட்டுறவர் பாக்கெட்டுல போடணும், அப்புறம்தான் இன்ஜினைத் தூக்கணும். சுத்தின திசைக்கு எதிரா விசிறியைக் கையால திருப்பினா முக்கால்வாசி வந்துடும். வலையா இருந்தா அறுக்கறதுக்கு முன்னாடி கரையில இருக்கறவங்களுக்குக் கை காட்டுங்க, அது அவங்க சோறு. அவங்களே நீந்தி வந்து எடுத்துக் குடுப்பாங்க.

கரைக்கு வந்ததும் கதை முடிஞ்சதுன்னு நினைக்க வேணாம். நட்டு கழண்டுடாம பூட்டற காட்டர் பின்னை நிமிர்த்தி உருவி, நட்டைக் கழட்டி, விசிறியை இழுத்து எடுங்க. அதுக்குப் பின்னாடி வாஷரை ஒட்டி மெல்லிசு நரம்பு சுத்தியிருக்கும். அது ஆயில் சீலை அறுத்துடும், கடல் தண்ணி கியருக்குள்ள போகும். கியர் ஆயிலைக் கொஞ்சம் வடிச்சுப் பாருங்க, பால் கலந்த டீ நிறத்துல வந்தா சீல் போச்சு. திரும்பப் போடறப்போ பழைய காட்டர் பின்னையே மடக்கிப் போடாதீங்க.

வீராம்பட்டினம் அக்கா

எல்லாரும் இன்ஜினையே பேசறீங்க, ஆளுங்களைப் பேசுங்கப்பா.

வீராம்பட்டினம் தாண்டினதும் வடக்க பாத்தா கடற்கரைச் சாலை, காந்தி சிலை, 1836-ல பிரெஞ்சுக்காரங்க ஏத்தின பழைய கலங்கரை விளக்கம் எல்லாம் ஒரே வரிசையில தெரியும். கடல்லேர்ந்து பாக்கறதுக்குத் தனி அழகுதான், மறுக்கல. அங்கதான் பாத்தது: ஒரு ஃபைபர் போட்டுல ஆறு பேரும் போனைத் தூக்கிக்கிட்டு அணியத்துக்கு எழுந்து போனாங்க. அலை பின்னாடிலேர்ந்து வந்துட்டிருக்கு. முகம் அமுங்கினதும் பின்பக்கம் தூக்கி விசிறி காத்துல சுத்துச்சு, இன்ஜின் அலறுது, சுக்கான் பிடிமானமே இல்ல. அடுத்த அலை பின்பக்கத்தை ஒரு பக்கமா தள்ளி போட்டு அலைக்குக் குறுக்கா திரும்பிடுச்சு. ஒரு பாட்டியம்மா மட்டும் நடுப்பலகையை விட்டு அசையாம, எழுந்தவங்களை "உக்காருங்கடா"ன்னு அதட்டிட்டிருந்தாங்க. அந்த அதட்டல்லதான் நாலு பேர் உக்காந்தாங்க, போட்டும் திரும்புச்சு.

அலை எதிர்ல வந்தா கனம் கொஞ்சம் நடுவுக்கு முன்னாடி, அலை பின்னாடி வந்தா நடுவுக்குப் பின்னாடி. கரையிலேயே இடம் பிரிச்சு உக்கார வெச்சுடணும். போட்டோ வேணும்னா போட்டைத் திருப்பணும், ஆள் திரும்பக் கூடாது.

புடவைக்காரங்களுக்கு: முந்தானையை இடுப்புல செருகினப்புறம் மேல லைஃப் ஜாக்கெட் போடணும். தொங்கவிட்டா தண்ணியில காலைச் சுத்தும். சுடிதார் உத்தமம். பசங்களுக்குப் பெரியவங்க லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டிச் சமாளிக்க முடியாது. தோள்பட்டையைப் பிடிச்சுத் தூக்கிப் பாருங்க, காது வரைக்கும் ஏறினா தண்ணியில உருவிக்கும். கவட்டுப் பட்டை இருக்கறதாத்தான் வாங்கணும்.

வாந்திக்கு அணியத்துல காத்து வாங்கினா சரியாயிடும்னு சொல்றது தப்பு, அங்கதான் ஆட்டம் அதிகம். நடுவுக்குக் கொஞ்சம் பின்னாடி உக்காந்து தொடுவானத்தைப் பாக்கணும், போனைப் பாக்கக் கூடாது. வெறும் வயித்தோட வரவே கூடாது, ரெண்டு இட்லி சாப்பிட்டுட்டு வாங்க. மாத்திரைன்னா கிளம்பறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி. குமட்டல் வந்தப்புறம் முழுங்கினா அதுவும் வெளிய வந்துடும்.

நரம்பை பெட்ரோல்

சம்பவம் சின்னதுதான்: நரம்பைக்கு எதிர்ல இன்ஜின் ரெண்டு இருமு இருமி நின்னுது. டேங்க் நிறைய பெட்ரோல். பெட்ரோல் ஹோஸ்ல கையால அமுக்குற ரப்பர் பல்பு உள்வாங்கித் தட்டையா கிடக்கு. டேங்க் மூடி மேல இருக்கற காத்துத் திருகைத் திறக்கவே இல்ல. திறந்ததும் 'புஸ்'ஸுனு உறிஞ்சுச்சு, ஓடுச்சு.

ஆனா இதைப் படிக்கறவங்களுக்குச் சொல்ல வேண்டியது வேற. இப்போ பங்குல கிடைக்கறது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். கடலோரக் காத்துல பாதி டேங்க்கை ரெண்டு மாசம் வெச்சா, ஈரம் அளவு மீறினதும் தண்ணியும் எத்தனாலும் சேர்ந்து அடியில தங்கிடும். டூ ஸ்ட்ரோக்ல நாம ஊத்தற ஆயில் மேல இருக்கற பெட்ரோலோட நின்னுடும். குழாய் உறிஞ்சறது அடியிலேர்ந்து. அப்போ இன்ஜினுக்குப் போறது ஆயிலே இல்லாத கலவை, பிஸ்டன் பிடிச்சுக்கும். இதுக்கு மேல் ஆயில் கூட்டி ஊத்தினா சரியாகாது.

கலவை 50-க்கு 1 போட்டிருக்கற இன்ஜினுக்கு 1 லிட்டருக்கு 20 மில்லி, 25 லிட்டர் டேங்க்குக்கு அரை லிட்டர். பாதி பெட்ரோல் ஊத்தி, ஆயிலை ஊத்தி, மீதி பெட்ரோலை மேல ஊத்துங்க, நல்லா கலக்கும். டேங்க்குக்கும் இன்ஜினுக்கும் நடுவுல தண்ணி பிரிக்கற ஃபில்டர் ஒண்ணு மாட்டுங்க. பழைய ரப்பர் ஹோஸை நகத்தால அழுத்திப் பாருங்க, வெடிப்பு தெரிஞ்சா அன்னைக்கே மாத்துங்க. ஹோஸ்ல காத்து இழுத்தாலும் இதே இருமல்தான் வரும்.

எவ்வளவு வேணும்? 40 எச்பி முழு வேகத்துல ஓடினா ஃபோர் ஸ்ட்ரோக் மணிக்கு 15 லிட்டர் பக்கம் குடிக்கும், டூ ஸ்ட்ரோக் அதுக்கும் மேல. போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, கையிருப்பு ஒரு பங்கு. கடலூர்லேர்ந்து புதுச்சேரி போய் வர ரெண்டு 25 லிட்டர் டேங்க். ஒண்ணு போதும்னு சொல்றவங்க எதிர்க்காத்துல திரும்பி வந்து பாத்ததில்ல.

பெண்ணையாத்தான்

நரம்பை, இது சம்பவம் சொல்ற இழை. நீங்க நாலு வரி சம்பவத்துக்கு மூணு பத்தி வகுப்பு எடுத்துட்டீங்க :) ஆயில் அடியில போகாதுங்கறது மட்டும் புது விஷயம், எடுத்துக்கிட்டேன்.

சோழகக்காத்து, ஏத்தத்தோட கடைசி ஒரு மணி நேரம்னு ஒத்துக்கறேன். ஆனா பை மாட்டறது எந்த நேரத்துலயும் மாட்டும். விடியக்காலைல மாட்டியிருந்தாலும் நங்கூரம்தான் காப்பாத்தியிருக்கும்.

சோழகக்காத்து

காலைல மாட்டியிருந்தா உடையுற அலை இருந்திருக்காது, துடுப்பு போட்டே உள்ள போயிருக்கலாம். அதைத்தான் சொல்றேன்.

சில்வர் பீச் வடக்கு

நங்கூரம் பத்திச் சண்டை போடறவங்க ஒண்ணு பாத்துக்குங்க. பாதிப் போட்டுல நங்கூரக் கயிறோட மறுமுனை எதுலயும் கட்டியிருக்காது. விட்ட வேகத்துல கயிறும் சேர்ந்தே போயிடும். நங்கூரத்துக்கும் கயிறுக்கும் நடுவுல ரெண்டு மூணு மீட்டர் சங்கிலி வேணும், இல்லேன்னா மணல்ல படுக்காம இழுத்துக்கிட்டே வரும்.

கரையை விட்டு ரொம்பத் தள்ளாம போனா போன் சிக்னல் பெரும்பாலும் கிடைக்கும். கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. ரெண்டையும் போட்டுல ரெண்டு பேர் போன்லயாவது ஏத்தி வெச்சு, போனை ஜிப் உறையில போட்டுக்குங்க. விஎச்எஃப் ரேடியோ இருந்தா சேனல் 16.

வீராம்பட்டினம் அக்கா

கூப்பிடறப்போ "கடலூர் பக்கம்"னு சொல்லாதீங்க. எந்த ஆத்து வாய்க்கு வடக்கா, தெற்கா, கரையிலேர்ந்து எவ்வளவு தூரம், எத்தனை பேர், அதுல பசங்க எத்தனை. இதுதான் முதல்ல கேப்பாங்க.