7-வது லேப்பில் மெக்லாரன் ஏன் உள்ளே வரலை?

மொட்டைமாடி_ரேஸ்:

2025 ஃபார்முலா 1 சீசன் முடிஞ்சு, மெக்லாரன் டீமோட நோரிஸ் கோப்பையையும் தூக்கியாச்சு. ஆனா அந்த சீசன் கத்தார் ரேஸ் மட்டும் எனக்கு இன்னும் ஜீரணமாகலை.

நம்ம ஊர் நேரம் ராத்திரி ஒன்பதரைக்கு ஆரம்பம். மொட்டை மாடியில மச்சானும் நானும், நடுவுல தண்ணி சொம்பு மேல சாய்ச்சு வெச்ச ஒரே ஒரு போன். மச்சான் ரெட் புல் டிரைவர் வெர்ஸ்டாப்பன் கட்சி. நான் நோரிஸோட டீம்மேட் பியாஸ்ட்ரி கட்சி.

டயர் சப்ளை பண்ற பிரெல்லி அந்த ரேஸுக்குப் போட்ட கட்டுப்பாடு ஞாபகம் இருக்கும். ஒரு செட் டயர்ல 25 லேப்புக்கு (சுற்றுக்கு) மேல ஓடக்கூடாது. ரேஸ் 57 லேப். எப்படிப் பார்த்தாலும் டயர் மாத்த ரெண்டு தடவை பிட்டுக்கு வந்தே ஆகணும். 7-வது லேப்ல ஹுல்கென்பெர்கும் காஸ்லியும் இடிச்சுக்கிட்டாங்க, சேஃப்டி கார் வந்துடுச்சு. அதுக்குப் பின்னால எல்லாரும் மெதுவா போகணும், அப்ப பிட்டுக்கு வந்தா நேரம் கம்மியாத்தான் போகும். 57-ல 7 போனா 50. பாதி பாதியா 25, 25. பக்கத்துல கிடந்த கரண்ட் பில் பின்பக்கம் மச்சான் இதை எழுதிக் காட்டி முடிக்கலை, வெர்ஸ்டாப்பன் பிட்டுக்குள்ள திரும்பிட்டார். பின்னாலேயே ஒரு கூட்டம். முதல்ல போன பியாஸ்ட்ரியும் மூணாவதா இருந்த நோரிஸும் நேரா போறாங்க! ஏதோ தந்திரம் வெச்சிருக்காங்கன்னு நானும் நம்பினேன். கடைசியில வெர்ஸ்டாப்பன் ஜெயிச்சார், பியாஸ்ட்ரி எட்டு நொடி பின்னால ரெண்டாவது, நோரிஸ் நாலாவது.

கரண்ட் பில்லுல வர்ற கணக்கு மெக்லாரன் பிட் வாலுல உட்கார்ந்து முடிவெடுக்கிறவங்களுக்குத் தெரியாதா? என் சந்தேகம் வேற. ஒருத்தரை உள்ள கூப்பிட்டு இன்னொருத்தரை வெளியே விட்டா "அவனுக்குச் சாதகம்"னு பேச்சு வரும்னு பயந்து ரெண்டு பேரையும் விட்டுட்டாங்களோ? டயர் கணக்கா, பயமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

அண்டர்கட்_ஆறுமுகம்:

பயம்னு ஒரே போடா போடாதீங்க ப்ரோ. ஒரு விஷயத்தை விட்டுட்டீங்க. 7-ல உள்ள வந்தவனுக்கு அடுத்த ஸ்டாப் 32-ல. ஒரு லேப் முன்ன வந்தாலும் ஆகாது, பின்ன வந்தாலும் ஆகாது. வந்த எல்லாரும் 32-ல கையைக் கட்டிக்கிட்டு வரிசையா நிக்கணும். வெளியே நின்னவங்களுக்கு அந்தக் கட்டு இல்லை. நடுவுல இன்னொரு சேஃப்டி கார் வந்திருந்தா மெக்லாரனுக்கு மலிவா ஒரு ஸ்டாப் கிடைச்சிருக்கும், மத்தவங்க முழிச்சிருப்பாங்க. அது வரலை, அவ்வளவுதான்.

டபுள் ஸ்டாக் பிரச்சினையும் இருக்கு. ரெண்டு காரும் ஒரே லேப்ல வந்தா பியாஸ்ட்ரிக்கு டயர் மாட்டி முடியுற வரை நோரிஸ் பின்னால காத்து நிக்கணும். பிட் லேன்ல கூட்டம் வேற. அவர் நாலஞ்சு இடம் இழந்திருப்பார். சாம்பியன்ஷிப்ல முன்னால இருந்தது அவர்தானே.

பின்னால இருக்கறவங்க எல்லாரும் வருவாங்கன்னு எதிர்பார்க்கலைன்னு மெக்லாரன் டீம் தலைவர் ஸ்டெல்லாவே ரேஸ் முடிஞ்சதும் சொன்னார். என்னைக் கேட்டா அங்கதான் சறுக்கல். முன்னால போறவன் முதல்ல முடிவு எடுக்கணும். பின்னால வர்றவன் அதைப் பார்த்துட்டு எதிர்ப்பக்கம் போகலாம்.

நாமக்கல்_டயர்:

தம்பி, நான் லாரி டயர்லயே முப்பது வருஷம் ஓட்டினவன். ரேஸ் பார்க்க ஆரம்பிச்சது பையனால.

வண்டி வந்து நின்னதும் நான் முதல்ல முன் டயர் மேல உள்ளங்கையை வெச்சு குறுக்கால தேய்ப்பேன். உள்ளயிருந்து வெளியே போறப்ப வழுவழுன்னு இருக்கும், திருப்பித் தேய்ச்சா ரம்பப் பல்லு மாதிரி கையைப் பிடிக்கும். அலைன்மென்ட் போச்சுன்னு டிரைவர் சொல்றதுக்கு முன்னாடி கை சொல்லிடும். கத்தார் ரேஸ் நடக்குற லுசைல் டிராக்குல 16 வளைவு, அதுல 10 வலப்பக்கம். பெரும்பாலும் வேகமான வளைவு. வலப்பக்கம் திரும்பத் திரும்ப பாரம் பூரா இடது முன் டயர்லதான் விழும். 2024-ல அந்த டயர் தேய்ஞ்ச லட்சணத்தைப் பார்த்துத்தான் பிரெல்லி 25-னு கோடு போட்டது.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். 2025 பூரா மெக்லாரனோட பலம் என்ன? டயரைச் சூடேத்தாம வெச்சிருக்கிறது. பிரேக் டிரம்முக்குள்ள சூட்டை உறிஞ்சுற ஏதோ சரக்கு இருக்குன்னு ஆளாளுக்குக் கதை கட்டினாங்க. மயாமி ரேஸுக்கு அப்புறம் விதி போடுற அமைப்பான எஃப்ஐஏ சோதிச்சுப் பார்த்துட்டு எல்லாம் விதிக்குள்ளதான்னுடுச்சு. அது இருக்கட்டும். மத்தவன் டயர் 25 லேப்ல சாகும்போது உன் டயர் 32 லேப் தாங்குமுன்னா அது பலம். ஆனா 25-க்கு மேல ஓடவே கூடாதுன்னு சட்டம் போட்டுட்டா? எல்லார் டயருக்கும் ஒரே ஆயுசு. கத்தி கூர்மையா இருந்து என்ன, உறையிலிருந்து எடுக்க விடலையே. வழக்கம்போல வேகத்துல சமாளிச்சுடலாம்னு நினைச்சிருப்பாங்கன்னு எனக்குப் படுது. ஆனா சாதாரண வேகத்துல பிட்டுக்கு வந்து போறதுக்கு ஆகுற நேரத்தை வெறும் வேகத்துல சம்பாதிக்கிறது லேசுப்பட்ட காரியமில்லை.

மொட்டைமாடி_ரேஸ்:

அண்ணே, இந்தக் கோணம் எனக்குத் தோணவே இல்லை. சட்டம் அவங்க பலத்தைத்தான் முதல்ல வெட்டியிருக்கு. ஆனா பயம்ங்கிறதையும் நான் விடமாட்டேன். அதே சீசன்ல மோன்சா (இத்தாலி) ரேஸ்ல நோரிஸுக்குப் பிட் ஸ்டாப் இழுத்துக்கிச்சுன்னு பியாஸ்ட்ரியை இடம் விடச் சொன்ன டீம்தானே இது. இவ்வளவு நியாயம் பார்க்கிறவங்க ஒருத்தரை மட்டும் உள்ள கூப்பிட்டுப் பிரிச்சு ஆடியிருப்பாங்கன்னு என்னால நம்ப முடியலை.

அண்டர்கட்_ஆறுமுகம்:

ஒரு கொசுறு. கத்தார்ல கடைசிக்கு முந்தின லேப்ல மெர்சிடிஸ் டிரைவர் அன்டொனெல்லி டிராக்கை விட்டு வெளியே போய் நோரிஸுக்கு நாலாவது இடம் கிடைச்சது. அவருக்கு 10 புள்ளிக்குப் பதிலா 12 கிடைச்சது. சீசன் முடிவு: நோரிஸ் 423, வெர்ஸ்டாப்பன் 421. அந்த ரெண்டைக் கழிங்க. சமம். சமமா வந்தா யாருக்கு வெற்றி அதிகம்னு பார்ப்பாங்க: வெர்ஸ்டாப்பன் 8, நோரிஸ் 7.

மொட்டைமாடி_ரேஸ்:

இதை மச்சான்கிட்ட சொல்லித் தொலைச்சேன். கரண்ட் பில்லை மறுபடி தேடிட்டு இருக்கார்.