இங்கிலீஷ் உச்சரிப்பு: இன்னும் மனதில் உறுத்தும் சம்பவம் இருந்தால் சொல்லுங்கள்

குடியாத்தம் பொண்ணு:
பி.ஏ. இங்கிலீஷ், ஃபொனெடிக்ஸ் வைவா, அதாவது உச்சரிப்புப் பாடத்தின் வாய்மொழித் தேர்வு. தேர்வு எடுக்க வந்தவர் வெளியூர் எக்ஸ்டர்னல். 'வேர் டு யு லிவ்?' வாசிக்கச் சொன்னார். கேள்விதானே என்று கடைசியில் குரலை ஏற்றினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. பேனாவைக் காற்றில் தூக்கி மெதுவாக மேசைக்கு இறக்கினார். மறுபடி வாசித்தேன், மறுபடியும் பேனா இறங்கியது. எங்கள் மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வாட், வேர், வென் கேள்விகள் இறங்கும், ஆமாம் இல்லை என்று பதில் வரும் கேள்விகள் ஏறும் என்பதெல்லாம் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியதுதான். ஆனால் எங்கள் தெருவில் வீடு எங்கே என்று அப்படி இறக்கிக் கேட்டால் போலீஸ் விசாரணை மாதிரி இருக்கும். எனக்கு இன்னும் அது மரியாதைக்குறைவாகத்தான் கேட்கிறது.

ஆம்பூர் ஷிஃப்ட்:
தோல் ஃபினிஷிங்கில் இருந்தபோது வெளிநாட்டு பையர் ஃபோனில் வந்தார். ஆட்டுத்தோல் ஆர்டர். எப்படி ஃபினிஷ் செய்கிறீர்கள் என்றார். 'டூ கோட்ஸ்' என்றேன், இரண்டு பூச்சு ஸ்ப்ரே அடிக்கிறோம் என்ற அர்த்தத்தில். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் ரொம்ப நிதானமாக, 'ஒன்லி டூ கோட்ஸ்?' என்றார். நான் சொன்னது coats, அவர் காதில் விழுந்தது goats, ஆடு! இத்தனை சதுர அடி தோலுக்கு இரண்டே ஆடா என்று குழம்பியிருக்கிறார். மேனேஜர் ஃபோனைப் பிடுங்கி 'லேயர் சார், லேயர்' என்று கத்தியது இன்னும் காதில் இருக்கிறது.

சத்துவாச்சாரி:
ஆம்பூர் தம்பி, மூச்சு விடாததுதான் காரணம். சொல்லின் தொடக்கத்தில் வரும் ப, ட, க ஒலிகளை இங்கிலீஷ்காரர்கள் ஒரு சின்ன மூச்சோடு விடுவார்கள். நாம் விடுவதில்லை, அதனால் coat-இல் வரும் நம் 'கே' அவர்களுக்கு goat-இல் வரும் 'ஜி'யாகக் கேட்கும். உதட்டுக்கு முன்னால் மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்து 'பின்' என்று சொல்லிப் பாருங்கள், துண்டு ஆட வேண்டும். 'ஸ்பின்' சொன்னால் ஆடக்கூடாது, எஸ்ஸுக்குப் பின்னால் அந்த மூச்சு கிடையாது. ட சொல்லும்போது நாக்கை மடிக்காதீர்கள், மேல்பல்லுக்குப் பின்னால் இருக்கும் ஈறு மேட்டை நுனி தொட்டால் போதும். 'திங்க்' சொல்ல நாக்கு நுனி பல்லிடுக்கில் வந்து காற்று உரச வேண்டும், நம் த போல அடைபடக்கூடாது. தினமும் கண்ணாடி முன்னால் நின்று செய்யுங்கள். முதலில் மூச்சு, அப்புறம் நாக்கு. எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடிக்காதீர்கள்.

குடியாத்தம் தங்கச்சிக்கு ஒரு வார்த்தை. உங்கள் எக்ஸ்டர்னல் காட்டியது பொது வழக்கம், சட்டம் இல்லை. பரிவாகக் கேட்கும்போது வேர் கேள்வியும் ஏறும். நான் வேலூரில் ஒரு ஆஸ்பத்திரி ஹெல்ப் டெஸ்க்கில் இருக்கிறேன். வங்காளத்திலிருந்து வந்த ஒரு அம்மாவிடம் 'வேர் இஸ் த பெயின்?' என்று விதிப்படி இறக்கிக் கேட்டேன். அந்த அம்மா தன் மகன் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டார். ஏற்றிக் கேட்டதும்தான் கையை வயிற்றில் வைத்துக் காட்டினார்.

குடியாத்தம் பொண்ணு:
அண்ணா, இதை அன்றைக்கே அந்த எக்ஸ்டர்னலிடம் வந்து சொல்லியிருக்கலாம்.

ராணிப்பேட்டை:
சத்துவாச்சாரி சார், சம்பவம் கேட்டால் வகுப்பு எடுக்கிறீர்களே. கண்ணாடி, காகிதம் எல்லாம் யார் கேட்டது?

என் கதை சின்னது. சென்னையில் ஒரு கால் சென்டர் பயிற்சி. ஊர் எது என்றார் டிரெய்னர். வேலூர் பக்கம் என்றேன். 'வி'க்கு மேல்பல் கீழுதட்டில் பட்டு உரச வேண்டுமாம், 'டபிள்யூ'வுக்கு உதடு குவிய வேண்டுமாம், நான் சொல்வது இரண்டும் இல்லையாம். உண்மைதான், நம் வ அவ்வளவு அழுத்தமாக உரசாது. அதற்காக முழு வகுப்புக்கு முன்னால் நிற்க வைத்து, உதட்டைக் கடித்தபடி சொந்த ஊர்ப் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். பின்வரிசையில் சிரிப்பு. சரி, வேலை கிடைத்தது. போட்ட இடம் தமிழ் டெஸ்க். நாள் முழுக்க சேலத்துக்காரர்களோடும் கோயம்புத்தூர்க்காரர்களோடும் பேச்சு.