எட்டு வருடமாக நான் போடும் சட்டை இப்போது டிரெண்டாம். என்ன செய்ய?

வலப்பக்கப்_பட்டன் கேட்டது:

மதுரையில் மாட்டுத்தாவணி தாண்டி ஒரு சாப்ட்வேர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். 2017-ல் சேர்ந்தேன். பெண், வயது 30. எனக்குப் பெண்களைத்தான் பிடிக்கும் என்பது வீட்டில் தங்கைக்கும் ஆபீஸில் இரண்டு பேருக்கும் தெரியும். மற்றவர்களுக்கு என் தலையும் சட்டையும் தெரியும், அவ்வளவுதான்.

தலை கிராப்பு. சட்டை ஜென்ட்ஸ் சட்டை, ஆனால் தைத்தது. தைக்கிற அண்ணன் முன்பு புதுமண்டபத்தில் தூண் சிற்பங்களுக்கு நடுவே மெஷின் போட்டிருந்தார். இப்போது அந்தக் கடைகளையெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். அளவுக்கு அப்பாவின் பழைய சட்டையைக் கொடுத்தபோது, "காஜா எந்தப் பக்கம் பாப்பா?" என்று கேட்டார். லேடீஸ் சட்டைக்குப் பட்டன் இடப்பக்கம், ஜென்ட்ஸுக்கு வலப்பக்கம். "பட்டன் வலப்பக்கமே வைங்கண்ணே, டார்ட் வேண்டாம்" என்றேன். டார்ட் என்றால் நெஞ்சுப் பக்கம் உடம்போடு ஒட்டப் பிடிக்கும் மடிப்புத் தையல். நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் சாக்கட்டியை எடுத்துக் கோடு போட ஆரம்பித்துவிட்டார். டார்ட் பிடிக்காவிட்டால் நெஞ்சில் பட்டனுக்கு நடுவே பிளக்கும் என்று அவராகவே உள்பக்கம் ஒரு பிரஸ் பட்டன் வைத்துத் தந்தார். அதற்குக் காசும் வாங்கவில்லை.

சேர்ந்த முதல் வாரமே டீம் லீடு தனியாகக் கூப்பிட்டு, "கிளையன்ட் வர்ற அன்னிக்காவது கொஞ்சம் லேடீஸ் மாதிரி வாம்மா" என்றார். அன்றிலிருந்து திங்கள்கிழமை குர்தி, காதில் பொட்டுத் தோடு. மற்ற நாள் என் சட்டை. ஜூன் மாதம் வந்தால் எல்லோருக்கும் வானவில் கலரில் ஐடி கார்டு கயிறு கொடுப்பார்கள். ஜூலை ஒன்றாம் தேதி திரும்ப வாங்கிக்கொள்வார்கள்.

போன மாதம் புதிதாக ஒரு பெண் சேர்ந்தாள். அண்ணன் சட்டையை எடுத்து மாட்டின மாதிரி தொளதொளவென்று ஒன்று, தோள்பட்டைத் தையல் பாதிக் கை வரை இறங்கியிருக்கிறது. அகலப் பேன்ட், வெள்ளை ஷூ. ஆளாளுக்குச் 'செம ஸ்டைல்' என்கிறார்கள். அவள் மேல் எனக்கு ஒன்றும் கோபமில்லை, நல்ல பிள்ளை. ஆனால் அதே டீம் லீடு நேற்று லிஃப்டில் என்னைப் பார்த்து, "பரவாயில்லையே, நீயும் டிரெண்டுக்கு வந்துட்ட!" என்றார். எட்டு வருடம், அதே அளவு, அதே காலர்.

கேள்வி இதுதான். அடுத்த மாதம் எனக்குப் பதவி உயர்வு வருகிறது, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சென்னைக்குப் போய்க் கிளையன்ட்டைப் பார்க்க வேண்டும். டிரெண்டு என்று சொல்லிக்கொண்டு இதே சட்டையில் போய்விடலாம், யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் எனக்கு இந்தச் சட்டை ஒரு முகவரி மாதிரி. 2019-ல் தெப்பக்குளம் சுற்றுச் சுவரில் உட்கார்ந்திருந்தபோது ஒருத்தி என் கைமடிப்பைப் பார்த்தாள். முழங்கைக்கு மேல் இரண்டு மடிப்பு, பெரிய டயல் வாட்ச். அவளும் அப்படியே. இப்போது நாங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில், 'ரூம்மேட்' என்ற பெயரில் இருக்கிறோம். இன்றைக்கு அந்தச் சுவரில் உட்கார்ந்தால் பாதிப் பேர் அப்படித்தான் மடித்திருக்கிறார்கள். யாரை என்னவென்று நினைப்பது? சந்தோஷப்படுவதா, எரிச்சல்படுவதா என்றே தெரியவில்லை.

கடுக்கன்காரன் எழுதியது:

தங்கச்சி, எனக்கு 44. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் இருக்கிறேன். வெளிநாட்டில் ஒரு காலத்தில் ஆண்பிள்ளை வலது காதில் மட்டும் கம்மல் போட்டால் 'அவன் அப்படி' என்று அர்த்தமாம். இருபது வயதில் அதை எங்கேயோ படித்துவிட்டு ஆசையாக வலது காதில் ஒரு வளையம் மாட்டினேன். நம் ஊரில் யாருக்கு என்ன புரியும்? மாமன் மடியில் உட்கார வைத்துக் குலசாமி கோயிலில் இரண்டு காதும் குத்தாத ஆண்பிள்ளை இங்கே எத்தனை பேர்? என் அம்மா பார்த்துவிட்டு, "இன்னொன்னைத் தொலைச்சுட்டியாடா?" என்றுதான் கேட்டாள்.

வேலையில் சேர்ந்ததும் மேனேஜர் கழற்றச் சொன்னார், கழற்றினேன். அவர் மேஜைக்குப் பின்னால் மாலை போட்ட படத்தில் அவருடைய தாத்தா சிவப்புக்கல் கடுக்கனோடு உட்கார்ந்திருக்கிறார். தினமும் அந்தக் கடுக்கனைப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன்.

2018 செப்டம்பரில் தன்பால் உறவு குற்றமில்லை என்று சுப்ரீம் கோர்ட்டின் 377 தீர்ப்பு வந்த வாரம் என் தாத்தாவின் கடுக்கனைப் பெட்டியிலிருந்து எடுத்து இரண்டு காதிலும் போட்டுக்கொண்டு போனேன். ஓட்டை தூர்ந்துபோயிருந்தது, ரத்தம் வந்தது. மேனேஜர் பார்த்தார். "தாத்தாவோடது சார்" என்றேன். ஒன்றும் சொல்லவில்லை. இப்போது எங்கள் ஆபீஸில் சின்னப் பையன்கள் நாலு பேர் கம்மல் போடுகிறார்கள். அதில் எனக்கு எரிச்சல் இல்லை. ஒருத்தனையும் கழற்றச் சொல்லவில்லையே, அது போதும்.

பழைய_பேப்பர் எழுதியது:

அக்கா, இது எப்போதும் நடப்பதுதான். 1892-ல் லண்டனில் நாடக ஆசிரியர் ஆஸ்கர் வைல்டு தன் நாடகத்தின் முதல் நாளுக்குப் பச்சைச் சாயம் ஏற்றிய கார்னேஷன் பூவைச் சட்டையில் குத்திக்கொண்டு வரச் சொல்லி நண்பர்களிடம் சொன்னார். பார்க்கிறவர்களுக்கு அது பூ, தெரிந்தவர்களுக்கு வேறு. 1970-களில் சான் பிரான்சிஸ்கோவின் காஸ்ட்ரோ தெருவில் தன்பால் ஈர்ப்புள்ள ஆண்கள் தடித்த மீசை, கட்டம் போட்ட சட்டை, இறுக்கமான ஜீன்ஸ் என்று தொழிலாளி மாதிரி உடுத்தினார்கள். அதைப் படித்தபோது சிரிப்பை அடக்க முடியவில்லை. தடித்த மீசையும் கட்டம் போட்ட சட்டையும் என்றால் எங்கள் பெரியப்பா. ஜீன்ஸ் ஒன்றுதான் குறை.

ஒரு அடையாளம் எல்லோர் கைக்கும் போனதும் வேறொன்று முளைத்துவிடும். சட்டை போனால் போகட்டும்.

வைகை_வெயில் எழுதியது:

'சட்டை போனால் போகட்டும்' என்று ஒரு பையன் சொல்வது சுலபம்.

நான் அரசு அலுவலகத்தில் இருக்கிறேன். 2019-ல் ஊழியர்களின் உடை பற்றி ஓர் அரசாணை வந்தது. பெண்களுக்குச் சேலை, சல்வார் கமீஸ், துப்பட்டாவோடு சுடிதார். ஆண்களுக்குச் சட்டை பேன்ட், அல்லது தமிழ்ப் பண்பாட்டைக் காட்டும் வேட்டி. அவர்களுக்கு வேட்டி வரைக்கும் வழி உண்டு, எனக்குப் பேன்ட் அந்த வரிசையிலேயே இல்லை. உங்களுடையது தனியார் கம்பெனி. எச்ஆரிடம் எழுத்தில் என்ன இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். பல இடங்களில் விதி என்று சொல்வது யாரோ ஒருத்தருடைய முகச்சுளிப்புத்தான்.

மல்லி_பூத்தவள் எழுதியது:

எல்லோரும் பேசியாச்சு, நானும் சொல்கிறேன். நான் திருநங்கை. ஒரு துணிக்கடையில் பில் போடுகிறேன். கடையில் பெண்களுக்கு யூனிபார்ம் சேலை. சேர்ந்தபோது எனக்கு மட்டும் அதைத் தராமல் 'குடோன்ல இரும்மா' என்றார்கள். டிரெண்டு வந்து உங்கள் சட்டையை மறைத்துவிட்டது என்று கவலைப்படுகிறீர்கள். என்னை மறைக்கிற டிரெண்டு இன்னும் வரவில்லை. சேலை கட்டினால் கட்டின விதத்தைப் பார்ப்பார்கள், சுடிதார் போட்டால் கையைப் பார்ப்பார்கள்.

2019 திருநர் சட்டப்படி வேலை இடத்தில் பாகுபாடு காட்டக் கூடாது, புகார் கேட்க ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒரு அதிகாரி இருக்க வேண்டும். ஒரு அக்கா அதைத் தமிழில் எழுதிக் கொடுத்தார், முதலாளியிடம் நீட்டினேன். பத்து நாளில் சேலை வந்தது, பிளவுஸ் துணியோடு. உங்களுக்கு அந்தச் சட்டம் இல்லை தங்கச்சி. 377 தீர்ப்பு குற்றமில்லை என்று சொன்னது, ஆபீஸில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. அதனால் டிரெண்டு வந்து கதவைத் திறந்தால் வெட்கப்படாமல் நுழையுங்கள். உள்ளே போனபிறகு நீங்கள் யாரென்று நீங்கள் விரும்புகிறவர்களுக்கு மட்டும் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்த டீம் லீடு சொன்னதற்குப் பதில் சொல்லாமல் விடாதீர்கள். எனக்கே கடுப்பாகிறது.

வலப்பக்கப்_பட்டன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மல்லி அக்கா, நீங்கள் சொன்னது உறைத்தது. பிளவுஸ் துணி வரைக்கும் வாங்கியதற்கு ஒரு கும்பிடு.

எச்ஆரிடம் கேட்டேன். எழுத்தில் இருப்பது 'பிசினஸ் ஃபார்மல்' என்ற இரண்டு வார்த்தைதான். எட்டு வருடத் திங்கள்கிழமை குர்தியெல்லாம் ஒருத்தருடைய வாய்வார்த்தைக்காகப் போட்டது!

நேற்று அம்மாவின் பழைய சுங்குடிச் சேலை ஒன்றைக் கேட்டு வாங்கினேன். கத்திரிப்பூ நிறம், கையால் முடிச்சுப் போட்டது, இப்போது வருகிற பிரின்ட் இல்லை. புள்ளிகளைத் தடவினால் முடிச்சு இருந்த இடம் விரலுக்குத் தட்டுப்படும். சட்டை தைக்கப் போகிறேன் என்றதும் அம்மா, "சேலையாக் கட்ட மாட்டியா?" என்றாள். மாட்டேன் என்றேன். கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்துவிட்டு, "முந்தியை வீணாக்காதே, முதுகுக்கு வர்ற மாதிரி வெட்டச் சொல்லு" என்றாள்.

இன்று மதியம் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போனேன். அண்ணன் துணியை விரித்துப் பார்த்துவிட்டு, "இப்பல்லாம் தோளை இறக்கித்தான் கேக்குறாங்க, இறக்கவா?" என்றார். பழைய அளவே போதும் என்றேன். காஜா எந்தப் பக்கம் என்று அவர் கேட்கவில்லை.

டீம் லீடுக்குத்தான் பதில் பாக்கி. லிஃப்டில் தனியாகச் சிக்கட்டும்.