பின் மட்கார்டு போல்ட்டின் தலை உடைந்துவிட்டது: உள்ளே சிக்கிய துண்டை எப்படி எடுப்பது?

கேள்வி – நாகை வாசகர்

வணக்கம். என்னுடைய 150 சிசி பைக் பல ஆண்டுகளாகக் கடற்காற்று படும் இடத்திலேயே நிற்கிறது. பின் மட்கார்டைக் கழற்றித் துருவைச் சுரண்டி வண்ணம் பூசலாம் என்று சீட்டுக்கு அடியிலுள்ள போல்ட்டை 10 எம்எம் ஸ்பேனரால் திருப்பினேன். இளகி வருவது போலத் தோன்றிய மறுகணமே தலை மட்டும் தனியே வந்துவிட்டது. மட்கார்டை எடுத்துப் பார்த்தால், சேசிஸோடு வெல்டிங் செய்யப்பட்ட நட்டுக்குள் எம்6 (6 எம்எம் தடிமன்) போல்ட்டின் உடல் இறுகிக் கிடக்கிறது. வெளியே ஏறத்தாழ 3 எம்எம் நீட்டிக்கொண்டிருக்கிறது. ஈஸி அவுட் (உடைந்த போல்ட்டில் துளையிட்டு, உள்ளே செலுத்தித் திருகி எடுக்கும் இடப்புரி மரைக் கம்பி) போட்டு எடுத்துவிடலாம் என்று ஒரு பட்டறையில் சொல்கிறார்கள். பழைய மரை கெடாமல் எடுக்க வழி உண்டா? அதுவரை மற்ற போல்ட்டுகளை மட்டும் மாட்டி ஓட்டலாமா?

பதில் – சாலைப்பித்தன்

ஓட்ட வேண்டாம், நண்பரே. ஒரு பிடிப்பு இல்லாத மட்கார்டு ஆடத் தொடங்கினால், மற்ற துளைகளைச் சுற்றியுள்ள தகடும் விரிசல் விடும். பின்னால் ஒருவர் உட்கார்ந்து சஸ்பென்ஷன் அமுங்கும்போது டயரில் உரசவும் கூடும்.

நீட்டிக்கொண்டிருக்கும் 3 எம்எம்தான் உங்களுக்குக் கிடைத்த நல்வாய்ப்பு. நட்டின் இரு பக்கமும் துரு நீக்கும் எண்ணெயை விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். பிறகு வைஸ் கிரிப்பால் (பிடித்தபடியே பூட்டிக்கொள்ளும் குறடு) இறுகப் பற்றி, முதலில் முடுக்கும் திசையில் மயிரிழை அளவு அசைத்து, அதன் பின்னர் கழற்றும் திசையில் திருப்புங்கள். அப்படி முன்னும் பின்னுமாக அசைக்கும்போது துரு பொடிந்து எண்ணெய் உள்ளே இறங்கும்.

பதில் – பட்டறைக்காரர்

தம்பி, இந்த அளவு போல்ட்டுக்கு ஈஸி அவுட் வேண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. எம்6 போல்ட்டுக்குள் நுழையும் ஈஸி அவுட் மிக மெல்லியது. அதோடு, அது உள்ளே இறங்க இறங்கப் போல்ட்டை விரித்து மரையோடு இன்னும் இறுக்கும். முழுத் தடிமனுள்ள போல்ட்டையே முறித்த துரு அந்தச் சிறு கம்பிக்கு இளகும் என்று நம்ப இடமில்லை. அது உள்ளே உடைந்துவிட்டால், கடினப்படுத்திய எஃகு என்பதால் சாதாரண டிரில் பிட் அதைத் தொடவும் செய்யாது.

வைஸ் கிரிப்புக்கு வரவில்லையென்றால், நீட்டியிருக்கும் முனையின் மேல் ஒரு புதிய நட்டை வைத்து, அதன் துளை வழியாக உள்ளே வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். பிடிக்க ஒரு புதுத் தலை கிடைப்பது ஒரு நன்மை. அந்தச் சூட்டில் துருவின் பிடி தளர்வது அதைவிடப் பெரிய நன்மை. செந்நிறம் மறைந்து சற்று ஆறிய பிறகே ஸ்பேனரைப் போட வேண்டும். வெல்டிங் தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றி, டேங்கை இறக்கி, பின்விளக்கு வயர்களை ஒதுக்கிவிடுங்கள். எண்ணெயையும் நன்றாகத் துடைத்துவிடுங்கள். எர்த் கிளாம்பை அந்த நட்டுக்கு அருகில் சேசிஸிலேயே மாட்ட வேண்டும். சக்கரத்தில் மாட்டினால் மின்னோட்டம் பேரிங் வழியே பாய்ந்து அதைக் கெடுத்துவிடும்.

நாகை வாசகர்

மிக்க நன்றி, அண்ணா. அதுவும் பலிக்காவிட்டால் துளையிடுவது ஒன்றுதான் வழியா?

பதில் – பட்டறைக்காரர்

ஆம். முனையை அரத்தால் சமமாக்கி, நடு மையத்தில் சென்டர் பஞ்ச் அடித்து, 3 எம்எம் பிட்டில் தொடங்கி 4, பிறகு 5 எம்எம் வரை போகலாம். எம்6 மரை வெட்டும் முன் இடும் அடித்துளை 5 எம்எம். மையம் தவறாமல் இருந்தால், மரையில் மிஞ்சும் மெல்லிய போல்ட் துணுக்கை எம்6 x 1.0 டேப் (மரை வெட்டும் கருவி) போட்டு வெளியேற்றலாம், பழைய மரையும் நிற்கும். இந்த வேலையில் பெரும்பாலும் கெடுவது மையம்தான். ஆகவே பஞ்ச் அடிக்க மட்டும் எவ்வளவு நேரம் ஆனாலும் தகும். மரை போய்விட்டால் எம்8 ஆகப் பெரிதாக்காதீர்கள், அந்தச் சின்ன நட்டின் சுவர் தாங்காது. பின்பக்கம் கை நுழையுமானால் 6.5 எம்எம் துளையிட்டு, புது போல்ட்டும் நைலான் லாக் நட்டும் போடுவதே மேல்.

பதில் – சாலைப்பித்தன்

புது போல்ட்டைப் பழைய நீளத்திலேயே வாங்குங்கள். கூடுதல் நீளம் டயர் பக்கம் நீட்டினால், பாரம் ஏறும்போது டயரைக் கிழித்துவிடும். ரப்பர் புஷ் நைந்திருந்தால் அதையும் மாற்றி, மரையில் சிறிது கிரீஸ் தடவி மாட்டுங்கள். கிரீஸ் தடவிய போல்ட் எளிதில் அளவுக்கு மீறி இறுகிவிடும் என்பதால், சிறிய ஸ்பேனரால் ஒரே கையில் முடுக்கினால் போதும்.