டி-ரெக்ஸ் சட்டையை ஸ்டெகோசாரஸ் முதுகில் காயப்போடலாமா?

மொட்டைமாடி நூலகம், மேற்கு மாம்பலம்:
எங்கள் குடியிருப்பில் நான்கு முதல் ஏழு வயதுப் பிள்ளைகளுக்காக ஒரு டைனோசர் படக்கதை தயாராகிறது. சிரிப்போடு கொஞ்சம் அறிவியலும் போக வேண்டும் என்பது எண்ணம். முதல் கதை இதுதான்: டி-ரெக்ஸ் சட்டையைத் துவைத்துவிட்டது, கொடியில் போட முடியவில்லை. 12 மீட்டர் உடம்புக்குக் கை ஒரு மீட்டர்தானே! ஸ்டெகோசாரஸ் வந்து, "என் முதுகுல போடு, நல்லா காத்து வரும்" என்கிறது. கடைசிப் படத்தில் முதுகுத் தகடுகள் முழுக்கத் துணி. படித்துக் காட்டியபோது பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அச்சுக்குப் போகுமுன் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

அரியலூர்க்காரன்:
கதை நன்றாக இருக்கிறது. ஆனால் இவை இரண்டும் சந்தித்ததே இல்லை. ஸ்டெகோசாரஸ் வாழ்ந்தது சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன். டி-ரெக்ஸ் வந்ததோ 6.8 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். காலக் கணக்குப்படி டி-ரெக்ஸுக்கு ஸ்டெகோசாரஸைவிட நாம்தான் பக்கம். மாற்றாமல் அச்சடிக்க வேண்டாம்.

பெரம்பூர் அம்மா:
சார், ஐந்து வயதுப் பிள்ளைக்குப் போன வாரமும் போன தீபாவளியும் "நேத்து"தான். அதனிடம் போய் 8 கோடி ஆண்டு இடைவெளி என்றால் என்ன புரியும்? டைனோசர் சட்டை போடுவதை ஏற்றுக்கொள்கிறீர்கள், பக்கத்தில் நிற்பதை மட்டும் ஏன் ஏற்க முடியவில்லை? என் மகன் பாடப் புத்தகத்தைக் கண்டால் ஓடுகிறான். டைனோசர் படம் என்றால் தானாக வந்து மடியில் உட்காருகிறான். அந்த ஆசை முதலில் வளரட்டும். கணக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அரியலூர்க்காரன்:
இரண்டும் ஒன்றில்லை மேடம். டைனோசர் சட்டை போடாது என்று பிள்ளைக்குத் தெரியும், அதனால்தான் சிரிக்கிறது. இவை சேர்ந்து வாழவில்லை என்பது அதற்குத் தெரியாது. அதனால் அந்தப் பொய் சிரிப்பாக இல்லாமல் தகவலாக உள்ளே போய்விடும். பெரியவர்களுக்கே இது நடக்கிறது. 2020இல் எங்கள் பக்கத்துப் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில், குளத்து மண் எடுத்தபோது கிடைத்த உருண்டைக் கற்களை டைனோசர் முட்டை என்று ஊரே நம்பியது. அம்மோனைட் என்ற கடல் உயிரியோடு தொடர்புள்ள கற்கள் அவை என்று புவியியலாளர்கள் விளக்கினார்கள். அந்தப் பகுதி ஒரு காலத்தில் கடல். அந்த உண்மையே எவ்வளவு பெரிய அதிசயம்! முட்டைக் கதையில் அது அடிபட்டுப் போனது.

கோடும் புள்ளியும்:
நான் படம் வரைபவன், என் கட்சி பெரம்பூர் அம்மாதான். 1982இல் அமெரிக்காவில் ஒரு கேலிச்சித்திரம் வந்தது. குகை மனிதர்கள் உட்கார்ந்து பாடம் கேட்கிறார்கள், ஸ்டெகோசாரஸின் வால் முட்களுக்கு "தாகோமைசர்" என்று விளையாட்டாக ஒரு பெயர். மனிதனும் டைனோசரும் பழகியதுபோலக் காட்டுவதைவிடப் பெரிய காலப் பிழை உண்டா? அந்தப் பெயரைத்தான் தொல்லுயிரியலாளர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். சிரிப்பு அறிவியலுக்கு நல்லதுதானே செய்தது?

அரியலூர்க்காரன்:
அந்தப் படம் பெரியவர்களுக்கானது. குகை மனிதன் டைனோசரைப் பார்க்கவில்லை என்று தெரிந்தவர்கள்தான் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். உங்கள் வாசகருக்கு ஐந்து வயது.

கோடும் புள்ளியும்:
சரி, ஒப்புக்குச் சொல்லாமல் வழி சொல்லுங்கள். "டி-ரெக்ஸுக்குப் பதில், ஸ்டெகோசாரஸ் காலத்து வேட்டை டைனோசரான அல்லோசாரஸைப் போடு" என்று மட்டும் சொல்லாதீர்கள். பிள்ளைகளின் பையிலும் பிறந்தநாள் கேக்கிலும் இருப்பது டி-ரெக்ஸ். அப்புறம், கடைசிப் பக்கத்தில் கண்ணாடி போட்ட ஆந்தை வந்து விளக்கம் சொல்வதையெல்லாம் நான் வரைய மாட்டேன். அதைப் பார்த்ததும் பிள்ளை புத்தகத்தை மூடிவிடும்.

அரியலூர்க்காரன்:
ஆந்தை எனக்கும் வேண்டாம். டி-ரெக்ஸ் இருக்கட்டும், ஸ்டெகோசாரஸை எடுத்துவிட்டு ட்ரைசெராடாப்ஸைப் போடுங்கள். இரண்டும் ஒரே காலம், ஒரே நிலம். மூன்று கொம்பு, மூன்று துணி. டி-ரெக்ஸின் பல் தடம் பதிந்த ட்ரைசெராடாப்ஸ் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. அதனால் அது, "துணி போடு, ஆனா சாப்ட்டுட்டு வந்து போடு" என்று சொல்லலாம். இந்தச் சிரிப்பு ஸ்டெகோசாரஸிடம் கிடைக்காது.

மொட்டைமாடி நூலகம்:
அந்த வசனத்தை எடுத்துக்கொள்கிறேன்! தகடு போனதில் வருத்தம்தான், ஆனால் கொம்பில் துண்டு தொங்குவது இன்னும் நன்றாக இருக்கும்.

பெரம்பூர் அம்மா:
பல் தடம் என்றால் கடித்துத் தின்றுவிட்டது என்றுதானே அர்த்தம்? என் மகன் "அப்புறம் என்னாச்சு" என்று கேட்காமல் விடமாட்டான். ராத்திரி படுக்கும் நேரத்தில் நான் என்ன சொல்வது? உண்மை உண்மை என்று கடைசியில் பிள்ளையை அழவைக்கப் போகிறீர்கள்.

அரியலூர்க்காரன்:
கொம்பிலும் தலை எலும்பிலும் கடிபட்டு, அந்தக் காயம் ஆறிய ட்ரைசெராடாப்ஸ் ஒன்றும் கிடைத்திருக்கிறது. அதாவது, தப்பித்துப் போய் அதற்குப் பிறகும் வாழ்ந்திருக்கிறது. மகனிடம் அதைச் சொல்லுங்கள்.

பெரம்பூர் அம்மா:
அதைச் சொல்வேன். ஆனாலும் ஸ்டெகோசாரஸ் கதையைக் கேட்டுச் சிரித்த பிள்ளைகள் கெட்டுப்போய்விட மாட்டார்கள் என்பதில் எனக்கு மாற்றமில்லை.

கோடும் புள்ளியும்:
அப்படியானால் ஒரு கொம்பை ஒடிந்ததாக வரைகிறேன். இரண்டு சட்டைக்குத்தான் இடம் இருக்கும். மூன்றாவது சட்டையை எங்கே போடுவது என்பது இரண்டாம் கதை.