புதுப்பிப்பு: மீன் தீவனத்தில் பூண்டு

மூன்று மாதம் முன்பு, என் குளத்து கட்லாவும் ரோகுவும் தீவனத்தை மிச்சம் வைக்கின்றன, பூண்டு கலக்கலாமா என்று இங்கே கேட்டிருந்தேன். கலந்தேன். முதல் வாரம் பூண்டை முழுப் பல்லாக வேகவைத்துக் கலந்தது பெரிய தப்பு, ஏனென்றால் பூண்டின் மணத்துக்கும் குணத்துக்கும் காரணமான அல்லிசின் என்ற பொருள் நசுக்கும்போதுதான் உருவாகிறது, வேகவைத்தால் அதை உண்டாக்கும் நொதியே அழிந்துவிடும். இப்போது கிலோ தீவனத்துக்கு 10 கிராம் பச்சைப் பூண்டை நசுக்கி, பத்து நிமிடம் விட்டு, கொஞ்சம் மீன் எண்ணெயில் பிசைந்து தீவனக் குருணைமேல் பூசி நிழலில் உலர்த்திப் போடுகிறேன். எண்ணெய் இல்லாவிட்டால் பூண்டுச் சாறு குளத்துத் தண்ணீரில் கரைந்து போகும்.

மீன்கள் நன்றாகத் தின்கின்றன, மிச்சமே இல்லை. ஆனால் அதே வாரம் தண்ணீரும் மாற்றினேன், அதனால் முழுப் பெருமையையும் பூண்டுக்குக் கொடுக்க மனம் வரவில்லை.

அப்புறம், அப்போது பூண்டுக்குப் பதில் முருங்கை இலைப்பொடி கலக்கச் சொன்னவர்களுக்கு: நல்லதுதான், ஆனால் டானின், சப்போனின் என்ற செரிமானத்தைக் கெடுக்கும் பொருள்கள் இருப்பதால் அளவு கூடினால் வளர்ச்சி குறையும், கொஞ்சமாகத் தொடங்குங்கள். குளோராம்பெனிகால் என்ற ஆன்டிபயாடிக் போடச் சொன்ன நண்பரே, தயவுசெய்து வேண்டாம், மீன் வளர்ப்பில் அது தடை செய்யப்பட்ட மருந்து, நம் பிள்ளைகளும் தின்கிற மீன் இது.